ஸ்கேஃபெல் பைக்கில் கட்டிய சிவப்புக் கயிறு

நான் மலை ஏறியவள் இல்லை. எங்கள் ஊர் ஸ்கூடாயில் வீட்டு மாடிப்படியில் துணிக்கூடையோடு ஏறினாலே முழங்கால் முனகுகிறது. ஆனால் இங்கிலாந்தின் மிக உயரமான மலையைப் பற்றி என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெயர் ஸ்கேஃபெல் பைக். உயரம் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு மீட்டர். எந்தப் பக்கம் இறங்கினால் எந்தப் பள்ளத்தாக்கு, எங்கே சதுப்பு, எங்கே செங்குத்துப் பாறை, எல்லாம் அத்துப்படி. ஆசைப்பட்டா படித்தேன்? வயிற்றெரிச்சலில் படித்தேன். என் கணவரோடு சண்டை போட எனக்கு விவரம் தேவைப்பட்டது.

இருபத்தாறு வருடமாகத் தொழிற்சாலையில் கியூசி வேலை பார்க்கிறேன். பெல்ட்டில் வரும் சாமானில் எது கோணல், எதில் கீறல் என்று பார்த்துப் பார்த்து என் கண்ணே அப்படி ஆகிவிட்டது. ஒரு பொருள் கெட்டுப்போனால் "ஐயோ கெட்டுப்போச்சே" என்று நாங்கள் உட்கார்ந்து அழுவதில்லை. எந்த இடத்தில் எந்தக் கை தவறியது என்று பின்னாலேயே தேடிக்கொண்டு போவோம். என் கணவருக்கு இந்தக் குணம் பிடிக்காது. தேடினால் கடைசியில் அவர் கையில்தான் வந்து நிற்கும் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் சிம்பாங் ரெங்கம் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மலை ஏறும் குழு ஒன்றில் சேர்ந்தார். எல்லாரும் நம்ம ஆட்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூலாய் மலை, லீவு கிடைத்தால் குளுவாங் போய் லம்பாக் மலை, வருடத்துக்கு இரண்டு தடவை லேடாங் மலை. லேடாங் மட்டும் பதினோரு தடவை ஏறிவிட்டாராம். வீட்டுக்கு வருபவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்தப் பதினொன்றையும் கேட்டாக வேண்டும்.

இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டுக்குள் போகும்போது கொஞ்ச தூரத்துக்கு ஒரு மரம் பார்த்து ராஃபியா என்கிற பிளாஸ்டிக் கயிறு கட்டிக்கொண்டே போவார்கள். திரும்பும்போது கயிற்றைப் பார்த்துப் பார்த்து இறங்குவார்கள். அடுத்தவன் கட்டிய கயிற்றை அவிழ்ப்பது இவர்கள் சட்டத்தில் கொலைக்குச் சமம். என் கணவருக்கு இது சின்ன வயதுப் பழக்கம். எஸ்டேட்டில் உரம் போடுகிறவர்கள், இன்றைக்கு எந்த நிரையில் நிறுத்தினோம் என்று தெரிவதற்காகக் கடைசி மரத்தில் கயிறு கட்டிவிட்டு வருவார்கள். கயிறு இருந்தால் வழி இருக்கிறது என்று நம்பி வளர்ந்த மனிதர் அவர்.

எங்கள் ஒரே மகள் இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். போன வருடம் ஜூன் மாதம் அவர் மட்டும் அவளைப் பார்க்கப் போனார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. போகும் முன்பே கூடத்தில் உட்கார்ந்து அந்த மலையின் உயரத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"தொள்ளாயிரத்துச் சொச்சம்தானா? லேடாங் ஆயிரத்து இருநூத்து எழுபத்தாறு லா. இது நமக்குக் காலைல பசியாறப் போற மாதிரி."

அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும், அந்த மலையில் கயிறு கட்ட மரம் இருக்கிறதா என்று. இல்லை. அடிவாரத்தைத் தாண்டினால் புல், அதற்கு மேல் கல், உச்சியில் கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. அலமாரி அளவுக் கல்லும் சோற்றுப் பானை அளவுக் கல்லும் கொட்டிக் கிடக்கின்றன. பாதை எங்கே என்று காட்ட அங்கங்கே கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். வெயிலில் அது போதும். மேகம் இறங்கிவிட்டால் எல்லாக் குவியலும் ஒரே மாதிரிதான். அந்த உச்சியிலிருந்து பள்ளத்தாக்குகள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் போகின்றன. மேலே பத்தடி மாறி இறங்கினால், கீழே வேறு ஊரில் போய் நிற்க வேண்டும். காரை விட்ட இடத்துக்கு மலையையே சுற்றிக்கொண்டுதான் வர முடியும்.

அப்பாவும் மகளும் வாஸ்டேல் என்கிற பள்ளத்தாக்கில் காரை நிறுத்திவிட்டு ஏறினார்கள். இங்கிலாந்தின் மிக ஆழமான ஏரியும் அங்கேதான் இருக்கிறது. உயரமானதும் ஆழமானதும் பக்கத்துப் பக்கத்து வீடு. உச்சியைத் தொட்டார்கள், படம் எடுத்தார்கள், எனக்கு அனுப்பினார்கள். ஒரு வயதான வெள்ளைக்காரர் நடுவில், இந்தப் பக்கம் என் கணவர், அந்தப் பக்கம் என் மகள். படம் எடுத்தது அந்தப் பெரியவரின் மனைவி. "மேகம் வருது, இறங்கப் போறோம்" என்று மகள் எழுதியிருந்தாள். நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் ஐந்தரைக்கு எழுந்து போனைப் பார்த்தால் ஒன்றுமில்லை. அங்கே இரவு பத்தரை. இரண்டு பேர் போனும் அணைந்திருந்தது. ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன். போனை லாக்கரில் வைக்க வேண்டும் என்பது சட்டம். அன்றைக்கு மேற்பார்வையாளரிடம் கெஞ்சிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பெல்ட்டில் என்ன போனது என்றே தெரியவில்லை. பகல் இரண்டுக்கு ஒரு தெரியாத எண் வந்தது. பேசியது மகள். "அம்மா, நாங்க நல்லாதான் இருக்கோம்" என்றாள். நல்லா இருக்கிறவர்கள் அப்படியா ஆரம்பிப்பார்கள்? அவள் கால் உடைந்திருந்தது. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு.

அவர்கள் இறங்கியது எஸ்க்டேல் பக்கம். நேர் எதிர்ப்பக்கம். சரளைக் கல்லில் மகள் சறுக்கி விழுந்திருக்கிறாள். அதற்குக் கீழே சதுப்பு. இருட்டிலும் மழையிலும் ஒரு பாறையின் ஓரமாக அப்பாவின் சட்டையையும் போர்த்திக்கொண்டு விடிகிற வரை உட்கார்ந்திருக்கிறாள். கார் திரும்பவில்லையே என்று அவர்கள் தங்கிய வீட்டுக்காரம்மா தகவல் சொல்லி, சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, மலை முழுக்கத் தேடித் தூக்கி வந்தார்கள். அந்த முகம் தெரியாதவர்களுக்கு நான் இன்றைக்கும் விளக்கேற்றுகிறேன். என் கணவருக்கு அந்த மாதம் முழுக்கச் சர்க்கரை போடாமல் காப்பி கொடுத்தேன். வாய் திறக்காமல் குடித்தார்.

திரும்பி வந்தவர் சொன்ன கதை இதுதான்: மேகம் மூடியது. பிள்ளை பயந்துவிட்டாள். அவள் சொன்ன பக்கம் இறங்கினோம்.

எனக்கு அங்கேயே இடித்தது. என் மகள் பயப்படுகிறவள் இல்லை. மாத்திரை டப்பாவை மூன்று தடவை படித்துப் பார்த்துத்தான் கொடுப்பாள். அவளிடம் கேட்டால், "விடுங்கம்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவள் என் போனுக்கு மட்டும்தான் அழைத்தாள். பக்கத்தில் அவர் இருந்தால், "அப்பா சாப்பிட்டாரா?" என்று என்னிடமே கேட்பாள். அவரும் டிவியைப் பார்த்துக்கொண்டே, "சாப்ட்டேன்னு சொல்லு" என்பார். ஒரே வீட்டுப் பிள்ளைக்கும் அப்பாவுக்கும் நான் தபால்காரி.

இவருக்குத் தான் தவறு செய்தோம் என்பதே வாயில் வராது. மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு கல்யாணத்துக்கு பண்டார் தெங்காரா போனோம். காரின் பின்னால் என் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். முச்சந்தியில் திரும்பாமல் நேராகப் போனார். "அப்பா, அந்த சிம்பாங்லயே திரும்பணும், போர்டு பாத்தேன்" என்று மகள் சொன்னாள். அவர் முகம் கறுத்துவிட்டது. நான் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளி, "நாலு பேர் முன்னாடி அப்பாவ விட்டுக்கொடுக்காதடி" என்று காதில் சொன்னேன். முக்கால் மணி நேரம் செம்பனைக்குள் சுற்றிவிட்டு, தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கும் அவர் சொன்ன காரணம், போர்டு சரியாக வைக்கவில்லை என்பது.

இந்த மலை விஷயத்தை நான் விடவில்லை. வரைபடத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் வரலாற்றையும் படித்தேன். படிக்கப் படிக்க ஆத்திரம்தான் கூடியது. இதற்குப் பக்கத்திலேயே ஸ்கேஃபெல் என்று இன்னொரு மலை இருக்கிறது. உயரம் சற்றுக் குறைவு. ஆனால் வெகுகாலம் அதுதான் பெரியது என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். ஒழுங்காக அளந்து பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. இருநூறு வருடத்துக்கு முன் ஒரு கவிஞர் தனியாக அந்தப் பக்கத்து மலையில் ஏறிவிட்டு, இறங்க வழி விசாரிக்காமல், கண்ணில் பட்ட பக்கம் இறங்கினார். ஒரு பாறைத் திட்டிலிருந்து அடுத்த திட்டுக்குத் தொங்கிக் குதித்து, மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் மாட்டிக்கொண்டு, கடைசியில் ஓர் இடுக்கில் நழுவித் தப்பினார். இதைத்தான் இங்கிலாந்தின் பாறையேற்ற வரலாற்றின் ஆரம்பம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வழி தவறி இறங்கியவர் வரலாறாகிவிட்டார்.

என் கணவரிடம் இதைப் படித்துக் காட்டியது என் முட்டாள்தனம். "பாத்தியா? பெரிய பெரிய ஆளுங்களே வழி மாறித்தான் இறங்கியிருக்காங்க" என்றார்.

"அவரு தனியா போனாரு. பொண்ண இழுத்துட்டுப் போய்க் கால ஒடைக்கல" என்றேன்.

அதற்குப் பல வருடம் கழித்து இரண்டு பெண்கள் ஒரு வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு ஸ்கேஃபெல் பைக் உச்சிக்கே ஏறியிருக்கிறார்கள். மேகம் வரும், இறங்குங்கள் என்று வழிகாட்டி சொன்னதும், பேச்சைக் கேட்டுப் பத்திரமாக இறங்கி வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி அந்தப் பயணத்தை அழகாகக் கடிதமாக எழுதினாள். அவளுடைய அண்ணன் அதை எடுத்துத் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார். அவள் பெயர் போடவில்லை. ஏறியதும் எழுதியதும் அவர்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டது. பேச்சைக் கேட்டு ஒழுங்காக இறங்கிய பெண்ணுக்கு இதுதான் மரியாதை. அதைப் படித்த நாளில் இரவுச் சமையல் செய்யவில்லை. ஏன் என்று அவர் கேட்டார். மலையைக் கேளுங்கள் என்றேன்.

இந்த வருடம் குழு ஒரு முடிவு எடுத்தது. எட்டுப் பேர் சேர்ந்து ஸ்கேஃபெல் பைக் ஏறப் போகிறார்கள். வழிகாட்டி யார்? ஏற்கெனவே ஏறிய 'அண்ணன்', அதாவது என் கணவர். அதை அறிவிக்க பூலாய் மலை அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை பசியாறல், வீட்டுப் பெண்களும் வர வேண்டும் என்றார்கள். நானும் ஒரு பெரிய டப்பா சம்பால் செய்து எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வீட்டில் இருந்தால் இன்னும் எரியும் என்று போனேன்.

மடக்கு மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. இரண்டு மரத்துக்கு நடுவில் பெரிய பேனர். "இங்கிலாந்தின் உச்சியில் நம் அண்ணன்" என்று கொட்டை எழுத்து. அதே உச்சிப் படத்தைத்தான் ஆளுயரத்துக்கு அடித்திருந்தார்கள். என் மகளின் உருவத்தில் பாதியை எழுத்து மறைத்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் எழுந்து பேச ஆரம்பித்தார். மேகத்தைப் பற்றிச் சொன்னார், குளிரைப் பற்றிச் சொன்னார். பிறகு அந்த வரி வந்தது.

"நான் மட்டும் போயிருந்தா சரியா இறங்கியிருப்பேன். சின்னப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போனா கொஞ்சம் கலாட்டாதான் லா. பயந்துட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்தவர்களைப் பார்க்கக் கூடாது என்று பேனரைப் பார்த்தேன். அதன் மூலையை மரத்தோடு ராஃபியா கயிற்றால் கட்டியிருந்தார்கள். பளபளப்பான, தட்டையான, சிவப்புக் கயிறு. அதிலிருந்து கண் தானாகப் படத்துக்குள் போனது. அந்த வெள்ளைக்காரப் பெரியவர் கையில் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பை. போனில் பார்த்தபோது அது என் விரல் நகம் அளவுகூட இல்லை. இங்கே என் உள்ளங்கை அளவு இருந்தது. பைக்குள் சிவப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பளபளப்பு, தட்டை, சிவப்பு.

என் சிங்க்குக்குக் கீழே ஒரு சிவப்பு ராஃபியா உருண்டை இருந்தது. பழைய பேப்பர் கட்டுவதற்கு வைத்திருந்தேன். அவர் இங்கிலாந்து போன வாரம் அதைத் தேடித் தேடிக் காணாமல், எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தேன்.

எல்லாம் நொடியில் புரிந்தது. மரம் இல்லாத மலையில் இவர் கல்லுக்குக் கல் கயிறு கட்டிக்கொண்டே ஏறியிருக்கிறார். பின்னால் வந்த அந்தப் பெரியவர், யாரோ மலையில் குப்பை போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். இங்கே கயிற்றை எடுப்பது பாவம், அங்கே கட்டுவது பாவம். உச்சியில் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டுதான் இவர் பல்லைக் காட்டிப் படத்துக்கு நின்றிருக்கிறார்.

"ஏங்க," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அந்த ஐயா கையில இருக்கிற பையில என்ன?"

ஒருவர் பொட்டலத்தைப் பிரித்த கையோடு திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பை?"

"படத்துல இருக்கிற பை. சிவப்பா இருக்கே. என் சிங்க்குக்குக் கீழ இருந்த கயிறு மாதிரி இருக்கே."

அவர் பேனரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லையே. காது நுனி வரை சிவந்துபோய், மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.

"என் கயிறுதான்," என்றார் கடைசியில்.

"அலமாக், அண்ணே! அந்தாளுகிட்ட கேட்டு வாங்கியிருக்கலாமே" என்றது ஒரு குரல்.

"எப்படிக் கேக்குறது? குப்ப போட்டவன் நான்தான்னு சொல்லணுமா? 'பாருங்க, ஜனங்க என்னல்லாம் செய்றாங்க'ன்னு அவரு பைய காட்டிச் சிரிக்கிறாரு. பொண்ணு பக்கத்துல நிக்கிறா. நானும் ஆமாம்னு தலையாட்டிட்டேன்." பிறகு சொன்னார், "இறங்குற பக்கத்தச் சொன்னதும் நான்தான். பிள்ள வேற பக்கம் காட்டினா. நான்தான் எனக்குத் தெரியும்னு சொன்னேன்."

வழி கேட்டிருந்தால் அந்தப் பெரியவர் கையைப் பிடித்துக் காட்டியிருப்பார். ஒரு வாய் வார்த்தை. அதற்குப் பதிலாக என் மகளின் கால். எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லை. போனை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"இத எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? அவளுக்குச் சொல்லுங்க. இப்பவே."

அங்கே விடிகாலை மூன்று மணி. அதனால் குரல் செய்தியாகப் பேசினார். மரத்துக்கு அந்தப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் பேசினார். யாரும் சாப்பிடவில்லை. இங்கிலாந்துப் பயணத்தைப் பற்றியும் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. என் சம்பால் டப்பா திறக்காமலே வீடு திரும்பியது.

பிற்பகல் மூன்று மணிக்கு மகளின் பதில் வந்தது. கூடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம்.

"அப்பா, நீங்க மொத கல்லுல கட்டுறப்பவே பாத்தேன். பாக்காத மாதிரி முன்னால நடந்தேன். அந்த ஐயா பைய காட்டினப்ப, இது எங்க அப்பாவோடது, எங்களுக்கு வழி சொல்லுங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. நாலு பேர் முன்னாடி அப்பாவ விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கல்ல. அதான் சொல்லல. நீங்களா சொல்வீங்கன்னு இத்தன நாளா காத்துட்டு இருந்தேன்."

செய்தி முடிந்தது. அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். செம்பனைக் காட்டுக்குள் ஓடிய அந்தக் காரும், பாவாடைக்கு மேலேயே நான் கிள்ளிய அந்தத் தொடையும் ஞாபகம் வந்தன. எந்தக் கை தவறியது என்று ஒரு வருடமாகத் தேடியவள் நான்.

எழுந்து சமையலறைக்குப் போய் அவளை அழைத்தேன். உடனே எடுத்தாள்.

"இனிமே யார் முன்னாடியா இருந்தாலும் சொல்லுடி," என்றேன். "அப்பாவா இருந்தாலும் சொல்லு. நானா இருந்தாலும் சொல்லு. அன்னிக்கு நான் உன்னக் கிள்ளினது தப்பு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப ஒன்னு சொல்லவாம்மா?"

"சொல்லு."

"எல்லார் முன்னாடியும் வச்சுக் கேட்டீங்களாமே. அப்பா சொன்னாரு. அது தப்பும்மா. வீட்டுக்கு வந்து கேட்டிருக்கணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாருக்காகடி கேட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடுப்பு மேடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை கேட்டேன்.